ஆகத்தம்மாளுக்கு ஒரு முகம்

“இவளுக்கு மொத்தம் எத்தனை? நாலா?” என்று கேட்டாள் அண்ணி.

என் மேசையில் பரப்பி வைத்திருந்த படங்களைப் பார்த்துத்தான் கேட்டாள். எல்லாமே புனித ஆகத்தம்மாள். வெவ்வேறு காலத்து ஓவியர்கள் தீட்டியவற்றின் அச்சுப் பிரதிகள். மார்பை அறுத்து வதைத்தபோதும் விசுவாசத்தை விடாதவள் ஆகத்தம்மாள். புனிதர்களை அடையாளம் காட்ட எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எதனால் வதைக்கப்பட்டார்களோ, எதை இழந்தார்களோ, அதையே அவர்கள் கையில் கொடுத்துவிடுவோம். கண்ணை இழந்தவள் கையில் கண், பல்லை இழந்தவள் கையில் பல். ஆகத்தம்மாள் கையில் ஒரு தட்டு, தட்டில் இரண்டு மார்பு. அது சரி. ஆனால் அத்தனை படத்திலும் தட்டுக்கு மேலே, பட்டுத் துணிக்குள்ளே, இன்னும் இரண்டு எந்தக் குறையும் இல்லாமல் இருந்தன. இத்தனை வருஷமாக இந்தப் படங்களோடு குடித்தனம் நடத்துகிற எனக்கு, அண்ணி கேட்கும்வரை அது உறைக்கவே இல்லை.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அண்ணி சிரிக்கவில்லை. ஒவ்வொரு படமாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

நான் கோயில்களுக்குப் படம் வரைகிறவள். என் வாடகை வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஓட்டை, ஒடிசல், ஒழுகல் என்று சகல லட்சணமும் உள்ள வீடு. வடக்குப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல் இருக்கிற ஒரே காரணத்துக்காக விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அண்ணி தையற்காரி. அடுத்த தெருவில்தான் வீடு. எங்கள் கோயிலுக்கு வருகிற பெண்களில் பாதிப் பேருக்கு உடுப்பு தைப்பது அவள்தான். என் அண்ணன் தச்சன். நான் வரையப்போகிற பலகையை இழைத்துச் சேர்த்துக் கொடுத்தவன் அவன். அண்ணி அன்றைக்கு வந்தது, ஆகத்தம்மாளுக்காக அவளே தைத்த நீண்ட வெள்ளை அங்கியையும் சிவப்பு முக்காட்டையும் ஆளுயர மரப்பொம்மைக்குப் போட்டு மடிப்பு சரிசெய்து தரத்தான்.

கோயிலின் பக்கப் பீடத்தில் இருந்த பழைய ஆகத்தம்மாள் படம் ஈரம் ஏறிப் பூஞ்சணம் பிடித்துப் போயிருந்தது. புதிதாக ஒன்று வரைந்து தரும்படி, கோயில் நிர்வாகத்தைக் கவனிக்கும் பங்குப் பேரவை என்னிடம் கேட்டது. பக்கத்துத் தெருவில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. மார்பில் கட்டி என்று சந்தேகம் வந்த பெண்கள் ஸ்கேன் எடுத்த கையோடு நேராக வந்து அந்தப் பீடத்தின் முன்னால்தான் முழங்காலில் நிற்பார்கள். அண்ணியும் அப்படி நின்றவள்தான். முதலில் ஒரு பக்கம் எடுத்தார்கள், பிறகு மறுபக்கமும் எடுத்தார்கள். எப்படியோ பிழைத்துக்கொண்டாள்.

பிழைத்த நாளிலிருந்து அண்ணி பஞ்சு அடைத்த இரண்டு திண்டுகளைத் தானே தைத்து உள்ளாடைக்குள் வைத்துக்கொள்கிறாள். அவள் கைவேலை, குறை சொல்ல முடியாது. பக்கத்தில் உட்கார்ந்தாலும் தெரியாது. ஆனால் வெயில் காலத்தில் வியர்த்து, தழும்பின் மேல் உரசி உரசி, தோல் சிவந்து புண்ணாகிவிடும். வீட்டில் கதவைச் சாத்திய பிறகுதான் கழற்றுவாள். அப்போதும் அண்ணன் உடனே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வானாம். அவள் சங்கடப்படக் கூடாதே என்று அப்படிச் செய்வதாக அவனுக்கு நினைப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவன் ஒரு தடவைகூடத் தன்னைப் பார்த்ததில்லை என்று அண்ணி ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். நான் தூரிகை கழுவப் போனேன்.

அன்றைக்கு அவள் படங்களை மேசையில் போட்டாள். என் பக்கம் முதுகைத் திருப்பக்கூட இல்லை. கையை உள்ளே விட்டு அந்தத் திண்டுகள் இரண்டையும் எடுத்து, சாயக் குழாய்களுக்கு நடுவே வைத்தாள். பொம்மைக்குக் கொண்டுவந்த அங்கியைத் தலைவழியாக மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

“இப்போ வரை. மூஞ்சி மட்டும் என்னுதா இருக்கக் கூடாது. அதை நீ எங்கயாவது பிடிச்சுக்கோ” என்றாள்.

 கரித்துண்டை எடுத்தேன், அது உடைந்தது, இன்னொன்றை எடுத்தேன். துணிக்குள் பெண்ணுடம்பு வரைவதில் கைக்கு ஒரு பழக்கம் படிந்திருக்கும். நெஞ்சுக்குக் கீழே ஒரு நிழல், அந்த நிழலிலிருந்து மடிப்புகள் பிரிந்து விழும். கண்ணை மூடிக்கொண்டும் போடலாம். இங்கே அந்த நிழலே கிடையாது. அங்கி கழுத்தெலும்பிலிருந்து நேராக இடுப்புவரை விழுந்தது. இரண்டு பக்கமும் தழும்பு இருக்கும் இடத்தில் மட்டும் துணி லேசாக ஒட்டி ஒரு சிறு சுருக்கம். அந்தச் சுருக்கத்தை ஒழுங்காகப் போடுவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. வரைந்து முடித்துப் பார்த்தபோது, தட்டில் இருப்பதை நிஜமாகவே இழந்து நிற்கிற ஆகத்தம்மாளை நான் அதுவரை வரைந்ததே இல்லை என்று பட்டது.

அதன் பிறகு அண்ணி மெஷினை நிறுத்தும் மத்தியானங்களில் வந்து நின்றாள். தட்டை எப்படிப் பிடிப்பது என்று எங்களுக்குள் ஒரே சண்டை. பழைய படங்களில் எல்லாம் தட்டை முன்னால் நீட்டிக்கொண்டிருப்பாள். விருந்தாளிக்குப் பரிமாறுகிற மாதிரி ஏன் நீட்ட வேண்டும், அவளாக விரும்பியா கொடுத்தாள் என்று அண்ணி கேட்டாள். கடைசியில் சாப்பிட்டு முடித்த தட்டைக் கழுவ எடுத்துப் போகிறவள் போல இடுப்போடு சேர்த்துத் தாழ்வாகப் பிடித்தாள். எனக்கு அது பிடித்துப்போனது. தட்டில் இரண்டு மார்பு, அவற்றின் மேல் குறுக்காக, அவளை வதைத்த குறடு. அண்ணனுடைய தச்சுக் குறட்டையே மாதிரிக்கு வாங்கி வந்திருந்தேன். மறு கையில், விசுவாசத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சிகளுக்கு உரிய குருத்தோலை. கன்னிமைக்கு வெள்ளை அங்கி, சிந்திய ரத்தத்துக்குச் சிவப்பு முக்காடு. சம்பிரதாயத்தில் ஒன்றையும் நான் விடவில்லை.

வேலையிலும் எதையும் விடவில்லை. பலகையின் மேல் மெல்லிய துணி ஒட்டி, வஜ்ஜிரப் பசையும் சுண்ணப்பொடியும் கலந்து பூச்சுமேல் பூச்சு கொடுத்து, உப்புத்தாள் போட்டு முட்டை ஓடு மாதிரி வழவழப்பாக்கினேன். ஒளிவட்டத்துக்குச் செம்மண் பூசி அதன்மேல் தங்கரேக்கு ஒட்டிக் கல்லால் தேய்த்தேன். அடியில் சிவப்பு இருந்தால்தான் தங்கம் சூடாகத் தெரியும். தோல் வரும் இடங்களில் எல்லாம் முதலில் பச்சை பூசினேன். பச்சையைப் பார்த்து அண்ணி முகத்தைச் சுளித்தாள். செத்துப்போன மாதிரி இருக்கிறேனே என்றாள். மேலே ரோஜா நிறம் ஏறும்போது இந்தப் பச்சை நிழல்களில் மட்டும் கொஞ்சம் எட்டிப்பார்க்கும், அப்போதுதான் தோலுக்குள் ரத்தம் ஓடுவது போல இருக்கும் என்று விளக்கினேன். அப்படியானால் உயிர் வருவதற்கு முன்னால் எல்லாரையும் ஒரு தடவை பிணமாக்கித்தான் எடுப்பாயா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் என்றாள்.

முகம் யாருடையதும் இல்லை. பார்த்த முகங்களிலிருந்து மூக்கு ஒன்று, வாய் ஒன்று எடுத்துச் சேர்த்தேன். கண்களை வழக்கப்படி வானத்தைப் பார்க்க வைத்தேன். அழகான முகம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

படம் முடியும் சமயத்தில் அண்ணி அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். பிறகு மேசையிலிருந்து தன் திண்டுகளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்: “இது இப்படியே பீடத்துல ஏறட்டும். ஏறுன அன்னைக்கு இதுங்களைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டுக் கோயிலுக்கு வர்றேன். அவளே அப்படி நிக்கிறா, எனக்கென்ன வந்துச்சு.”

சொல்லிவிட்டு அதே திண்டுகளை உள்ளே வைத்து, உடுப்பை இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அவள் கோயிலுக்கு நிமிர்ந்து வருவது இந்தப் பலகையை நம்பித்தான் இருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. 

பங்குப் பேரவையினர் படம் பார்க்க வந்தார்கள். முன்னால் வந்தவர் பேரவைத் தலைவர். அண்ணி அவருக்கு வைத்த பெயர் இஸ்திரி. சட்டையில் ஒரு மடிப்பு விழுந்து யாரும் பார்த்ததில்லை, பேச்சிலும் அப்படித்தான். கூடவே பங்குத்தந்தை, வயதில் சின்னவர், நிறையப் படிப்பவர், எதையும் யோசித்துத்தான் சொல்வார். பின்னால் என் அண்ணன். கோயில் பெஞ்சு, கதவு எல்லாம் அவன் பொறுப்பு என்பதால் அவனும் பேரவையில் இருந்தான். கூட்டங்களில் அவன் வாயே திறக்க மாட்டான் என்பார்கள்.

தங்கத்தைப் பார்த்து இஸ்திரிக்கு முகம் மலர்ந்தது. முக்காட்டின் சிவப்பைப் பாராட்டினார். தட்டைக் குனிந்து பார்த்துத் தலையாட்டினார். இரும்புக் குறடும் அறுத்த மார்பும் அவரை ஒன்றும் செய்யவில்லை. பிறகு கண் மேலே போயிற்று. போன கண் அங்கேயே நின்றது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, துணி அந்த இடத்தில் கொஞ்சம் தட்டையாக விழுந்துவிட்டதோ என்று கேட்டார்.

விழவில்லை, அப்படித்தான் வரைந்திருக்கிறேன் என்றேன். அறுத்த பிறகு அங்கே என்ன இருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள் என்றேன்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம், அதனால் பங்குத்தந்தை இடையில் புகுந்தார். ஆகத்தம்மாள் சிறையில் இருந்தபோது புனித பேதுரு தோன்றி அவளைக் குணமாக்கியதாகத்தானே சரித்திரம், இழந்தது திரும்பக் கிடைத்துவிட்டதே, மகிமையில் இருக்கிற புனிதையை முழுமையாகக் காட்டுவதுதானே முறை என்றார். சப்பைக்கட்டு இல்லை, நியாயமான கேள்விதான். நானும் நியாயமாகவே திருப்பிக் கேட்டேன். திரும்பக் கிடைத்துவிட்டது என்றால் தட்டு காலியாக இருக்க வேண்டும். தட்டில் இருக்கிறது என்றால் உடம்பில் இருக்கக் கூடாது. இரண்டிலும் இருப்பதற்கு இது என்ன கடையா? அப்புறம் இன்னொன்றும் கேட்டேன்.

“உயிர்த்து எழுந்த பிறகும் ஆண்டவர் கையில ஆணித் தழும்பு இருந்துச்சே ஃபாதர். நம்பாத தோமா விரலை எங்க வெச்சாரு? மகிமைன்னா தழும்பு போயிடணும்னு யார் சொன்னது?”

 அதை யோசிக்க வேண்டும் என்றார் பங்குத்தந்தை. சொன்னபடியே அங்கேயே நின்று யோசிக்கவும் ஆரம்பித்தார்.

இஸ்திரிக்கு யோசிக்கிற வழக்கம் இல்லை. பயத்தோடு வருகிற பெண்கள் ஆறுதலைத் தேடி வருகிறார்கள், வந்த இடத்தில் இப்படி ஒன்றைப் பார்த்தால் அவர்கள் கதி என்ன ஆகும் என்று கேட்டார். குரலில் உண்மையான கவலை இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. துணியைக் கொஞ்சம் தூக்கி, ஒரு நிழல் போட்டால் போதுமாம், யாரும் உற்றுப் பார்க்கப் போவதில்லையாம். பிறகு என் அண்ணனைப் பார்த்து, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார்.

கூட்டத்தில் வாயே திறக்காதவன் அன்றைக்குத் திறந்தான். “கொஞ்சம் மாத்தினா நல்லாத்தான் இருக்கும்” என்றான்.

நான் அவனையே பார்த்தேன். கிண்டலா, பயமா, இஸ்திரிக்குத் தலையாட்டுகிறானா என்று அவன் முகத்தில் தேடினேன். ஒன்றும் இல்லை. அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை. இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தவளின் தோள், அவள் நிற்கும்போது ஒரு பக்கமாகச் சாய்கிற இடுப்பு, எல்லாம் ஆளுயரப் பலகையில் கண்முன்னால் நிற்கிறது. அவன் பார்த்துவிட்டு, மாற்றினால் நன்றாக இருக்கும் என்கிறான்.

படம் கோயிலுடையது, அடுத்த வாரம் பார்க்க வரும்போது திருத்தியிருக்க வேண்டும், எனக்கு மனமில்லை என்றால் வேறு ஓவியரை வைத்துத் திருத்திக்கொள்வோம் என்று மடிப்புக் கலையாமல் சொல்லிவிட்டு இஸ்திரி கிளம்பினார். வாசலில் செருப்பு மாட்டும்போது, தங்க வேலை பிரமாதம் என்று இன்னொரு முறை சொன்னார்.

நான் அண்ணி வீட்டுக்குப் போனபோது அவள் ஏதோ பள்ளிச் சீருடைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். என் முகத்தைப் பார்த்ததுமே மாற்றச் சொல்லிவிட்டார்களா என்று கேட்டுவிட்டாள். ஆமாம் என்றேன். இஸ்திரி சொன்னதைச் சொன்னேன், பங்குத்தந்தை சொன்னதைச் சொன்னேன்.

“உங்க அண்ணன் என்ன சொன்னாரு?”

அவன் எங்கே பேசினான், அவனுக்கு என்ன தெரியும், கூட்டத்தில் ஒரு ஓரமாக நின்றான் என்று எதையோ சொல்லி வைத்தேன்.

“பூசி மெழுகாதே. அதை உன் பலகையில வெச்சுக்கோ. என்ன சொன்னாரு?”

சொன்னேன். அண்ணி காலைப் பெடலிலிருந்து எடுக்கவில்லை. காலரை முழுவதும் ஓட்டி, முனையைத் திருப்பி, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அழுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. காதுவரைக்கும் சிவந்துபோயிருந்தாள்.

“அவருக்கு அடையாளம் தெரியல” என்றாள்.

தைத்த காலரை உதறி மடித்து வைத்தாள்.

“சரி, உடம்பைத் தொடாதே. மூஞ்சியை மாத்து. என் மூஞ்சியை வை. மூஞ்சியாவது தெரியுதான்னு பார்ப்போம்.”

நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள் என்றேன். முகத்தை வைத்துவிட்டால் ஊருக்கே தெரிந்துவிடும், கோயிலுக்கு வருகிற ஒவ்வொருத்தியும் உங்கள் நெஞ்சைத்தான் பார்ப்பாள், பிறகு திண்டு வைத்தாலும் பயனில்லை, திரும்பிப் போக வழியே இருக்காது என்றேன். இதையெல்லாம் யோசிக்காமலா சொல்கிறேன் என்பது போல அவள் அடுத்த காலரை எடுத்தாள். எனக்கும் மெல்ல மெல்ல வேறு ஒன்று விளங்கியது. யாருடையதும் இல்லாத முகத்துக்குக் கீழே எதை வேண்டுமானாலும் கூட்டிக் குறைக்கச் சொல்லலாம். தெரிந்த வீட்டுப் பெண்ணின் முகத்துக்குக் கீழே, இங்கே இரண்டு வரைந்து வை என்று எந்த ஆம்பிளை வாயைத் திறந்து சொல்வான்? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணி நிமிர்ந்து பார்த்து, அவளும் சிரித்தாள்.

மறுநாள் காலையிலேயே அந்த அழகான முகத்தைச் சுண்ணப்பூச்சு தெரியும்வரை சுரண்டி எடுத்தேன். ஒரு வருத்தமும் இல்லை. மறுபடியும் பச்சை, மறுபடியும் ரோஜா. சாயம் சீக்கிரம் உலர வேண்டும் என்பதால் எண்ணெயைக் குறைத்து மெல்லிதாக ஏற்றினேன். அண்ணியின் முகம் சுலபமான முகம் இல்லை. வருஷக்கணக்காகக் குண்டூசிகளை உதட்டு ஓரத்தில் கவ்விக்கொண்டே பேசிப் பேசி, வாய் ஒரு பக்கம் இறுகியிருக்கும். அதை அப்படியே வைத்தேன். இமைக்குக் கீழே மருந்து விட்டுப்போன கருமை. அங்கே பச்சையை மூடாமல் விட்டேன். கண் வரையும்போது, வழக்கப்படி கொஞ்சம் மேலே பாருங்கள் என்றேன்.

“மேல என்ன இருக்கு? உன் வீட்டு ஒட்டடைதான் இருக்கு. நான் பார்க்கிற இடத்தைத்தான் பார்ப்பேன்” என்றாள்.

அவள் என்னைத்தான் பார்த்தாள். அதனால் ஆகத்தம்மாள், எதிரே வந்து நிற்பவர் யாரானாலும் அவரை நேராகப் பார்க்கிறாள். அப்படி ஒரு பார்வையை நான் அதற்கு முன் எந்தப் புனிதைக்கும் கொடுத்ததில்லை. இத்தனை நாள் எல்லாரையும் கூரையைப் பார்க்க வைத்துவிட்டு நான் தப்பித்துக்கொண்டிருந்தேன் என்றுகூடத் தோன்றியது.

அவர்கள் வருவதாகச் சொன்ன காலையில் அண்ணி முன்கூட்டியே வந்து, பட்டறைக்கு அடுத்த அறையில் உட்கார்ந்துகொண்டாள். தன்னுடைய சாதாரணப் பருத்தி உடுப்புதான் போட்டிருந்தாள். உள்ளே ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைப்பதும் நெஞ்சுக்குக் குறுக்கே கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். வீட்டுக்குத் திரும்பிப் போகிறீர்களா என்று நான் கேட்க நினைத்து, அடி விழும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

இஸ்திரி உள்ளே வந்த வேகத்தில் படத்தின் நெஞ்சைத்தான் பார்த்தார். அங்கே எதுவும் மாறியிருக்கவில்லை. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. இதைத்தான் திருத்தச் சொன்னோம் என்று ஆரம்பித்தவர், நிமிர்ந்து முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டார். பங்குத்தந்தை முகத்தைத்தான் முதலில் பார்த்திருந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் கடைசியாக உள்ளே வந்தான். பலகை வளைந்திருக்கிறதா என்று பார்ப்பவன் போல ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, முகத்துக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டான். அவன் பார்வை முகத்திலிருந்து மெதுவாகக் கீழே இறங்கி, மறுபடி முகத்துக்கு ஏறியது. தெரிந்துவிட்டது.

உயிரோடு இருக்கிற ஒருத்தருடைய முகத்தைப் புனிதைக்கு வைப்பது எந்த ஊர் வழக்கம் என்று இஸ்திரி என்னிடம் கேட்டார். உடம்பை விட்டுவிட்டு முகத்தைப் பிடித்துக்கொண்டதில் அவருக்கு ஒரு நிம்மதி தெரிந்தது. ஆகத்தம்மாளை எந்த ஸ்டூடியோவில் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று நான் கேட்பதற்குள் பங்குத்தந்தை முந்திக்கொண்டார். மிகவும் மெதுவாகத்தான் பேசினார்.

“மெயின் பீடத்துல இருக்கிற சூசையப்பருக்கு உங்க அப்பா மீசைன்னு நீங்கதானே எனக்குக் காட்டினீங்க.”

இஸ்திரி மென்று முழுங்கினார். அது வேறு விஷயம் என்றார். எப்படி வேறு என்று யாரும் கேட்கவில்லை. சரி, முகம் இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் உடம்பைப் பற்றிப் பேரவை எடுத்த முடிவு முடிவுதான், அந்த இடத்தை மட்டும் திருத்தியே ஆக வேண்டும் என்றார்.

அப்போதுதான் அண்ணி அடுத்த அறையிலிருந்து வந்தாள். படத்தின் பக்கத்தில் வந்து நின்றாள். கையைக் குறுக்கே கட்டவில்லை. பக்கவாட்டில் தொங்கவிட்டிருந்தாள். பருத்தித் துணி கழுத்தெலும்பிலிருந்து நேராக விழுந்தது.

“திருத்தலாம் சார். எவ்வளவு வேணும்னு சொல்லுங்க. உங்க வீட்டு லேடீஸுக்கெல்லாம் நான்தான் அளவெடுத்துத் தைக்கிறேன். எனக்கு எவ்வளவு இருந்தா உங்களுக்குச் சரியா இருக்கும்னு நீங்க சொல்லுங்க, இவ வரைஞ்சு தருவா.”

 இஸ்திரி வாயைத் திறந்தார், மூடினார். அவர் கழுத்திலிருந்து நெற்றிவரை ரத்தம் ஏறுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நிறத்துக்கு அடியில் பச்சை தேவைப்பட்டிருக்காது. கடைசியில் அவர் யாரையாவது துணைக்குத் தேடுபவர் போலத் திரும்பி, நீங்களாவது உங்கள் வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள் என்று என் அண்ணனிடம் சொன்னார்.

பங்குத்தந்தை மறுபடியும் பேசினார். தோமாவைப் பற்றி வாரம் முழுக்க யோசித்ததாகச் சொன்னார். தழும்பைக் காட்டித்தான் ஆண்டவரே தன்னை யாரென்று தெரியவைத்தார், அதனால் இந்தப் படம் இப்படியே பீடத்தில் ஏறும், தேவையென்றால் பேரவைக்கு அவரே பதில் சொல்லிக்கொள்வார் என்றார். நான் சண்டைக்கு எடுத்து வைத்திருந்த வார்த்தைகள் அத்தனையும் வீணாய்ப் போயின. 

ஆனால் அண்ணி அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. அவள் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தச்சன் கை, எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போல மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது.

“படம் சரியாத்தான் இருக்கு” என்றான்.

“அன்னைக்கு மாத்தச் சொன்னீங்களாமே.”

“நீதான்னு எனக்குத் தெரியல” என்றான். குரல் கேட்கவே இல்லை. “சத்தியமா தெரியல.”

“அதைத்தான் நானும் சொல்றேன்.”

அவன் பழக்கதோஷத்தில் சுவர்ப்பக்கம் திரும்பப் போனான். அண்ணி அவன் தோளைப் பிடித்து நிறுத்தினாள். அத்தனை பேர் முன்னாலும் அவன் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

“சுவத்தைப் பார்த்தது போதும். இங்க பாருங்க” என்றாள்.

இஸ்திரி ஜன்னலைப் பார்த்தார், பங்குத்தந்தை கூரையைப் பார்த்தார். அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். அவன் கண் கலங்கியது, ஆனாலும் திரும்பவில்லை. அண்ணி தோளை நிமிர்த்திக்கொண்டு, அவன் பார்த்து முடிக்கும்வரை அசையாமல் நின்றாள்.